சைக்கிளில் போன தந்தி

வணக்கம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைப் பற்றிப் பேச, தந்தி ஆபீசில் குப்பை கொட்டிய உங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

1962 அக்டோபர் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சீனப் போர்தான் ஞாபகம் வரும். 20-ஆம் தேதி சீனப் படை எல்லை தாண்டி வந்தது. பேப்பர் முழுக்க அதுதான். அதே சமயம் உலகத்தின் அந்தப் பக்கம், ஃப்ளோரிடாவிலிருந்து 90 மைல் தள்ளியிருக்கிற கியூபாவில், ரஷ்யா அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. உளவு விமானம் அதைப் படம் பிடித்துவிட்டது. 16-ஆம் தேதி காலை, கென்னடி படுக்கையறையை விட்டு வெளியே வருவதற்குள் சேதி அவரிடம் போய்விட்டது. அன்றிலிருந்து 28-ஆம் தேதி வரை 13 நாள்.

சுற்றி இருந்தவர்களில் பலருடைய முதல் யோசனை, உடனே குண்டு போடு என்பதுதான். விமானப்படைத் தளபதி லெமே ஒரு படி மேலே போனார். அடிக்காமல் விட்டால், 1938-ல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் போருக்குப் பயந்து ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த கதைதான் என்று நேருக்கு நேர் சொன்னார். கென்னடியின் அப்பா அந்தக் காலத்தில் லண்டனில் தூதராக இருந்து, ஹிட்லரோடு சமாதானமாகப் போகலாம் என்று சொன்னவர். சுருக்கென்று குத்தியிருக்கும். ஆனாலும் கென்னடி நிதானம் இழக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றைக்கும் இருக்கிறது.

அவர் செய்தது, கப்பல்களைக் கடலிலேயே மறிப்பது. அதை முற்றுகை என்று சொன்னால் சர்வதேசச் சட்டப்படி போர் தொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் 'குவாரன்டைன்' என்று பேர் வைத்தார். ஆமாம், கொரோனா சமயத்தில் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்களே, அதே வார்த்தைதான்!

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அவகாசம். கப்பல் மெதுவாகத்தான் வரும். நடுவில் யோசிக்கலாம், திரும்பிப் போகலாம். விழுந்த குண்டைத் திருப்பி எடுக்க முடியாது. கென்னடி தனக்கும் அவகாசம் எடுத்துக்கொண்டார், எதிராளிக்கும் கொடுத்தார்.

சரி, அந்த அவகாசத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்ள என்ன வசதி இருந்தது? இங்கேதான் என் தொழில் வருகிறது. அப்போது வாஷிங்டனில் ரஷ்யத் தூதராக இருந்த டோப்ரினின் பின்னாளில் எழுதியிருக்கிறார். மாஸ்கோவுக்குச் சேதி அனுப்பவேண்டுமென்றால் வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியைக் கூப்பிடுவார்களாம். கறுப்பின இளைஞர் ஒருவர் சைக்கிளில் வந்து, சங்கேத மொழியில் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு போவார். வழியில் எந்தப் பெண்ணோடாவது பேச நிற்காமல் நேரே ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டுமே என்று இவர்கள் வேண்டிக்கொள்வார்களாம்!

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்த தப்பு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. 'மதர் நாட் சீரியஸ்' என்று அனுப்பவேண்டிய தந்தியில் 'நாட்' விட்டுப்போயிற்று. பம்பாயிலிருந்து மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அழுதுகொண்டே வந்து இறங்கினால், அம்மா திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். அவர் நேரே ஆபீசுக்கு வந்து என்னைக் கேட்ட கேள்வியை வானொலியில் சொல்ல முடியாது. ஒரே ஒரு வார்த்தை, நேயர்களே. அதை வைத்து அந்த 13 நாளை யோசித்துப் பாருங்கள்.

26-ஆம் தேதி ரஷ்யத் தலைவர் குருஷேவ் கென்னடிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். நாம் இருவரும் கயிற்றை இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று, ஏதோ கிராமத்துப் பெரியவர் மாதிரி எழுதியிருந்தார். அது மாஸ்கோவிலிருந்து துண்டு துண்டாக வாஷிங்டன் வந்துசேர ஏறக்குறைய அரை நாள் ஆயிற்று. பதில் எழுத உட்காருவதற்குள் மறுநாள் மாஸ்கோ வானொலியில் வேறொரு கடிதம்: துருக்கியில் இருக்கிற உங்கள் ஏவுகணைகளையும் எடுங்கள் என்று. அன்றைக்கே கியூபாவுக்கு மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானி ஆண்டர்சன் இறந்துபோனார். சுட்டால் திருப்பி அடிப்பது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். கென்னடி, பொறுங்கள் என்றார். மறுபடியும் அதே அவகாசம்.

அன்று சாயங்காலம் தம்பி ராபர்ட்டை டோப்ரினினிடம் பேசவைத்தார். கியூபா மேல் படையெடுக்க மாட்டோம் என்பது ஊரறிய. துருக்கி ஏவுகணைகளைச் சில மாதத்தில் எடுத்துவிடுகிறோம் என்பது காதோடு காதாக. மறுநாள் குருஷேவ் தந்திக்காகக் காத்திருக்கவில்லை. ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற பதிலை மாஸ்கோ வானொலியிலேயே படிக்கச் சொல்லிவிட்டார். வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அடுத்த வருஷமே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் ஹாட்லைன் என்று ஒரு நேரடித் தொடர்பு போட்டார்கள். மேஜை மேல் சிவப்பு டெலிபோன் என்று சினிமாவில் காட்டுவதை நம்பாதீர்கள். அது டெலிபிரிண்டர், இந்தப் பக்கம் அடிக்கிற எழுத்து அந்தப் பக்கம் தாளில் அச்சாகி வரும் மெஷின். காதில் விழுந்ததை ஏதாவது தப்பாகப் புரிந்துகொள்வார்கள். எழுத்தில் வந்தால் படித்து, மொழிபெயர்த்து, யோசித்துப் பதில் போடலாம். 1963 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அமெரிக்கா அனுப்பிய முதல் சோதனைச் சேதி என்ன தெரியுமா? 'தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ்'! ஆங்கிலத்தின் 26 எழுத்தும் அந்த ஒரு வரியில் வந்துவிடும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் தினம் காலையில் அடித்த அதே வரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம் என்றுதான் நினைக்கிறேன். கென்னடியை ஒரேயடியாகப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1961-ல் பன்றிகள் விரிகுடாவில் ஆள் அனுப்பிக் கியூபாவைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றவரும் அவர்தான், அந்தப் பயம் இல்லாவிட்டால் கியூபா ஏவுகணைக்கு இடம் கொடுத்திருக்குமா என்று விரிவாகப் பேச நினைத்தேன். 1963 ஆகஸ்டில் கையெழுத்தான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். துருக்கி ஏவுகணைகள் 1963 ஏப்ரலில் போய்விட்டன, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.