இரவல் தளத்தில் ஓடிய பந்தயம்

(தஞ்சாவூரில் ஆயுத பூஜையன்று, இருசக்கர வாகன மெக்கானிக்குகள் கூடிய இடத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். பொரியும் சுண்டலும் காத்திருக்கின்றன, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காணும் பொங்கலன்று திருக்கடையூரில் எல்கைப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். மாடும் குதிரையும் ஓடுவது எங்கே? மறுநாள் பஸ் போகிற அதே தார் ரோட்டில்தான். ஒரு நாளைக்கு ரோட்டை இரவல் வாங்குகிறோம், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். மெட்ராஸ்காரர்களின் மோட்டார் பந்தயமும் பல வருஷம் இரவல் இடத்தில்தான் ஓடியது. அந்த இடம் சோழவரம்.

பேரைக் கேட்டால் நம்ம பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது இல்லையா? அது சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டுப் பக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். நம் தஞ்சாவூர் ஓடுதளமும் அதே போர்க்காலத்ததுதான். நம்முடையது விமானப்படையிடம் போய், 2020இல் சுகோய் போர்விமானப் படைப்பிரிவே வந்து இறங்கிவிட்டது. சோழவரத்துக்கு வந்தவர்கள் பந்தயக்காரர்கள். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அந்த ஐம்பதுகளிலேயே அங்கே வண்டிகள் சீறத் தொடங்கின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான், 1948இல் பந்தயக்களமானது. அங்கே முதலில் ஓரத்தடுப்பாக வைத்தது வைக்கோல் கட்டுகளை! நம்மைக் கேட்டிருந்தால் ஒரு லாரி அனுப்பியிருப்போம்.

சரி, ஓடுதளத்தில் பந்தயம் விட்டால் என்ன ஆகும்? விமானத்துக்கு வளைவு தேவையில்லை, நேராக ஓடினால் போதும். அதனால் நீளமான நேர்ப்பாதை, அதன் கோடியில் வெடுக்கென்று ஒரு திருப்பம். நேரில் திராட்டிலை முறுக்கிப் பிடிக்க யாராலும் முடியும். எங்கே விடுவது, எந்த கியரில் திரும்புவது, அங்கேதான் ஆள் தெரியும். மாமூல் ரோட்டு வண்டிகளான பியட்டையும் ஹெரால்டையும் பட்டறையில் பிரித்துக் கோத்து அங்கே கொண்டுவந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் பார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார்.

எண்பதுகளின் கடைசியில் என் குருவோடு நானும் ஒருமுறை போனேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாக. நிழல் கிடையாது. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கிளம்பியதும் விளக்கெண்ணெய் வாசனை. அப்போது பல ரேஸ் ஆயில்களுக்கு விளக்கெண்ணெய்தான் அடிப்படை. எனக்கோ பாட்டி ஞாபகம்! எங்கள் ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு குரு முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினை இழுக்கிற பல்சக்கரத்தில், ஒரு பல் கூடுதலாகப் போட்டார். ஓட்டிய பையன் ஒரு சுற்று போய் வந்து, “அண்ணே, நேர்ல பறக்குது, திரும்பினா எந்திரிக்க மாட்டேங்குது” என்றான். குரு ஒன்றும் பேசவில்லை. சூட்டோடு செயினை இறக்கி, பழையதையே மாட்டினார். முன்னால் பல் கூடினால் நேரில் வேகம் கூடும், திருப்பத்திலிருந்து எழும்புகிற இழுவை குறையும். அந்தத் திருப்பத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பரிசு கிடைக்கவில்லை, அது வேறு கதை.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கு சொந்தக் களம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், பந்தயத்துக்கென்றே வளைத்துப் போட்ட வளைவுகள். அப்புறம் கோவை செட்டிபாளையத்திலும் ஒன்று. சோழவரத்தில் சத்தம் அடங்கியது.

அந்த ஒரு பல் கூடுதலான ஸ்ப்ராக்கெட் இன்னும் என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. இன்று காலையில் அதற்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்தேன். வாருங்கள், சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.