ஆச்சி வீட்டு கைனடிக் ஹோண்டா

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி செக்காலைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் ஸ்பானர் இல்லாமல் இவ்வளவு நேரம் பேசுவது எனக்குப் புதுசு. அதனால் ஒரு வண்டியின் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சியின் பேரன் மினி லாரியில் ஒரு கைனடிக் ஹோண்டாவைக் கொண்டுவந்து இறக்கினான். முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்காக, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்திருக்கிறார்கள். இரண்டாம் கட்டில், அண்டாக்களுக்குப் பக்கத்தில், கிழிந்த பாயைப் போர்த்திக்கொண்டு வண்டி நின்றிருக்கிறது. அவன் ஐயா, அதாவது தாத்தா, ஓட்டிய வண்டி. 1984-இல் வந்த மாடல் அது. 98 சிசி, கியர் கிடையாது, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகும். வண்டியைச் சாய்த்துப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய சொகுசு என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.

பையன் கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தான். ஆன்லைனில் வாங்கிய சிலிண்டர் கிட். பெரிய போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம் பெரிது, அதற்கேற்ற பெரிய பிஸ்டன். "இதைப் போட்டுடுங்கண்ணே, வண்டி பறக்கணும்" என்றான்.

கிட் என்பது பொய்யான சரக்கு இல்லை. கணக்கு எளிது. பிஸ்டனின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் கன அளவு வர்க்கத்தில் கூடும். உதாரணத்துக்கு, 40 மில்லிமீட்டர் போரை 47 ஆக்கினால் 50 சிசி இன்ஜின் 70 சிசியை நெருங்கிவிடும். அதாவது 38 சதவீதம் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் அடியை வாங்கப்போவது பிஸ்டன் சுற்றிவிடுகிற பழைய கிராங்கும் பழைய பேரிங்கும்தான். கூடுதல் சூட்டை ஆற்றப்போவதும் அதே பழைய ஃபேன்தான். "தம்பி, முதலில் இந்த வண்டியிலேயே இருந்த வேகம் எங்கே போச்சுன்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

முதலில் சைலன்சரைக் கழற்றினேன். வால் குழாயில் விரலை விட்டால் மண். டார்ச் அடித்துப் பார்த்தேன். குளவி கூடு கட்டியிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் எந்த ஓட்டையையும் குளவி விடாது. அதைக் குத்தி எடுத்த பிறகும் வாயை வைத்து ஊதினால் காற்று போகவில்லை. உள்ளே முழுக்க ஆயில் கரி.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு சைலன்சர் சத்தம் அடக்குகிற டப்பா மட்டும் இல்லை. இந்த இன்ஜினில் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான் வாசல், பிஸ்டன்தான் கதவு. எரிந்த புகை வெளியே போகிற வாசலும் புது பெட்ரோல் காற்று உள்ளே வருகிற வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதனால் புதுசில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து வெளியே நழுவிவிடும். சைலன்சர் சரியான வடிவத்தில் இருந்தால், வெளியே போன அழுத்த அலை உள்ளே மோதித் திரும்பி வந்து, நழுவியதைக் கதவு சாத்துவதற்குள் உள்ளே தள்ளிவிடும். தெருவுக்கு ஓடப் பார்க்கிற பிள்ளையை வாசலில் நிற்கிற அப்பத்தா பிடித்து உள்ளே தள்ளுவதில்லையா, அப்படி.

இதை வைத்து உலகப் பந்தயமே நடந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இந்த அலைக் கணக்கைக் கரைத்துக் குடித்து, 1961 வாக்கில் 125 சிசி இன்ஜினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் ஊர் திரும்பவே இல்லை. அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்து, அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். நம் வீட்டு ஸ்கூட்டரின் சைலன்சர் பந்தயச் சைலன்சர் இல்லை. இருந்தாலும் அதிலே கரி அடைத்தால் வண்டி ஏன் செத்துப்போகிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, அந்தச் சைலன்சரைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோய் உலையில் வைத்தோம். குழாய் சிவக்கிற வரைக்கும் விட்டு, ஆறிய பிறகு கட்டையால் தட்டினால் பொல பொலவென்று கொட்டியது. ஒரு ஆழாக்கு இருக்கும். வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம். அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். வெட்ட வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் செய்ய வேண்டும். சிலிண்டரில் புகை போகிற வாசலிலும் கரி இருந்தது. பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு மூங்கில் குச்சியால் சுரண்டினேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு கீறல் போதும், ரிங் போய்விடும்.

அடுத்தது ரீட் வால்வு. மெல்லிய தகடுதான். கார்புரேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்த காற்றைத் திரும்பிப் போகவிடாமல் பிடிக்கும். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகட்டோரம் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் தகடு நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும், பிக்கப்பும் இருக்காது. இந்த வண்டியில் ஒரு தகட்டின் முனையே உடைந்திருந்தது.

கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ஆயில் சீலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் வண்டிகள் சாவது இதனால்தான். ரப்பர் காய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் தானாகவே உறுமும். "இப்பத்தான் வண்டி நல்ல வேகமா இருக்குண்ணே" என்று சந்தோஷமாக வந்து சொல்பவர்கள் உண்டு. அது வேகம் இல்லை, காய்ச்சல். பத்து கிலோமீட்டரில் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டரில் இறுகிப்போய், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். சீல் விலை குறைவு, கூலிதான் அதிகம், இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு இதை மாற்றாமல் நான் வெளியே விடமாட்டேன்.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி காய்ந்து கிடந்தது. பெட்ரோலை அளந்து விடுகிற சின்ன ஓட்டை கொண்ட துண்டுதான் ஜெட். அதை ஊசியால் குத்தக் கூடாது. பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். ஊறவைத்துக் காற்றடித்தேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, குழாயை மாற்றிவிட்டேன். எத்தனாலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஓட்டம் வேண்டும் என்பதால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கினேன். சரியா தப்பா என்று பிளக் சொல்லும். ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் வீண், அவ்வளவுதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்தால் வண்டி மூச்சு விடும் என்று ஒரு பேச்சு உண்டு. நம்முடையது செம்மண் சீமை. கோடையில் கல்லல் பக்கம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், சட்டை என்ன நிறத்தில் வருகிறது என்று. அந்தத் தூசி நேராக சிலிண்டருக்குப் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஸ்பான்ஞ்சை சோப்புத் தண்ணீரில் கசக்கி, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட்டால் போதும்.

ஆயில் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்), அதாவது ஐம்பதுக்கு ஒன்று, இந்த மாதிரி வண்டிக்குப் போதும். "கூட ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று இரண்டு மூடி சேர்த்து ஊற்றுகிறார்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் குறையும், கரிதான் சேரும். கைனடிக் ஹோண்டாவில் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. நின்று கிடந்த வண்டியில் அந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்றை எடுத்து, முதல் டேங்க் பெட்ரோலிலும் ஆயில் கலந்து ஓட்டித்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் வேரியேட்டர். கியர் இல்லாத வண்டியில் நிஜமாகவே வேகத்தோடு விளையாடக்கூடிய இடம் இதுதான். உள்ளே சின்ன உருளைகள், ரோலர் என்போம். இன்ஜின் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் ஓடி, புல்லியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். ரோலர் எடை குறைந்தால் இன்ஜின் நன்றாக ஏறிய பிறகே பெல்ட் ஏறும். பிக்கப் கிடைக்கும். எடை கூடினால் சீக்கிரம் ஏறிவிடும். சமதளத்தில் நிதானமாகப் போகும், மேட்டில் திணறும். இந்த வண்டியின் ரோலர்கள் ஒரு பக்கம் தேய்ந்து பட்டை விழுந்திருந்தன. பக்கத்துக் கடை நகை ஆசாரியின் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன். ஒன்றுக்கொன்று எடை ஒத்தே வரவில்லை. "என்னண்ணே, தோடா?" என்று கேட்டார். ஒரே எடையில் புதுசு வாங்கி, ஒவ்வொன்றும் பழைய கம்பெனி எடையைவிட அரை கிராம் குறைவாகப் போட்டேன். அரை கிராம்தான். ஆனால் கிளம்பும்போது முதுகு பின்னால் சாய்வது தெரிந்தது. பெல்ட்டும் ஓரம் தேய்ந்து ஒல்லியாகி இருந்தது. ஒல்லி பெல்ட் புல்லியின் உச்சிக்கு ஏறாது, டாப் ஸ்பீடு அங்கேயே போய்விடும்.

போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் இருக்கிற அந்த வாசலை, அரம் போட்டு உயர்த்தலாமே என்று சிலர் கேட்பார்கள். வாலிபத்தில் என் சொந்த மொபெட்டில் அதைச் செய்தவன் நான். புகை வாசலை 2 மில்லிமீட்டர் மேலே ராவினேன். மேலே போனால் கூவிக்கொண்டு ஓடியது, நிஜம். ஆனால் கீழே இழுவையே இல்லை. சந்தைக்கு ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியவில்லை, காலால் தள்ள வேண்டியிருந்தது. ஓரத்தை மழுக்காமல் விட்டதால் ஒரு வாரத்தில் ரிங் மாட்டி உடைந்து சிலிண்டரையும் உழுதுவிட்டது. ராவிய இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? அந்த சிலிண்டர் இப்போது என் மேசையில் பேனா போடுகிற டப்பா.

பிரேக்கையும் பார்த்தேன். ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது, கேபிள் துரு. இரண்டையும் மாற்றினேன், பழைய டயரையும் சேர்த்து. ஏறின வேகத்துக்கு நிற்கவும் தெரிய வேண்டும் அல்லவா.

கிட் விஷயத்துக்கு வருகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்சியில் 98 சிசி என்று இருக்கும்போது உள்ளே வேறு இருந்தால், விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸில் சிக்கல். இது 15 வருடம் தாண்டிய வண்டி. ஆர்சியைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் காட்ட வேண்டும். இந்த வண்டியின் போர் தேய்ந்துதான் இருந்தது. லேத்தில் கொடுத்து, கம்பெனியே அனுமதிக்கிற அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்ப சிலிண்டரைக் கடைந்து, உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கினோம். முதல் 500 கிலோமீட்டர் முறுக்கக் கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். வயசுப் பிள்ளை தலையாட்டுவதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும்.

வரும்போது 40-ஐத் தாண்டாமல் திணறிய வண்டி. அந்த முதல் 500 கிலோமீட்டர் ரன்னிங் இன் முடிந்து ஒருநாள் குன்றக்குடி வரைக்கும் நானே ஓட்டிப் பார்த்தேன். முள் 65-இல் நின்றது, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, நான்தான் கையை இறக்கினேன். அந்த வாரமே பையன் ஆச்சியைப் பின்னால் உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறான். ஆச்சி எனக்குப் போன் பண்ணி, "ஏப்பா, இவுக ஐயா ஓட்டும்போது இம்புட்டு வேகம் போனதில்லையே, என்னத்தப் போட்டே?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் போடலை ஆச்சி, எடுத்தேன்" என்றேன்.

அந்த கிட் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. பையன் சென்னைக்குப் போய்விட்டான், கேட்கவில்லை. வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஆச்சியிடம் இரண்டு வேலை சொன்னேன். கார்புரேட்டரில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்துவிட வேண்டும், வால் குழாயில் துணியைச் சுருட்டி அடைக்க வேண்டும். அடுத்த படைப்புக்கு யார் வந்து எடுப்பார்களோ, மறந்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார்களே என்று யோசித்து, ஆச்சியே ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். போட்டோ அனுப்பினார்கள். "பின்னாடி துணி இருக்கு. குளவிக்கு வச்சது."

வணக்கம்.