பிரபஞ்சத்தின் நிறம் தெரிந்தால் சிரிப்பீர்கள். நீல மிட்டாயின் கதை தெரிந்தால் மலைப்பீர்கள்!

வணக்கம். பிரபஞ்சத்தில் உள்ள விண்மீன்களின் ஒளியையெல்லாம் ஒன்றாகக் கலந்தால் என்ன நிறம் கிடைக்கும்? வீடியோவை நிறுத்திவிட்டு, மனத்துக்குள் ஒரு நிறத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். கறுப்பா? கருநீலமா?

(திரை முழுவதும் ஒரே நிறம்)

இதுதான் விடை. வெளிறிய பழுப்பு வெள்ளை. கல்யாண மண்டபச் சுவரில் அடித்த டிஸ்டம்பர் போல இருக்கிறது. இத்தனை கோடி ஆண்டு எரிந்து, கடைசியில் இதுதானா!

2002-இல் இதைக் கணக்கிட்டவர்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளேஸ்புரூக்கும் ஐவன் பால்ட்ரியும். ஆஸ்திரேலியத் தொலைநோக்கி ஒன்று பதிவுசெய்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் ஒளியைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஜனவரியில் ‘வெளிர்பச்சை’ என்று அறிவித்தார்கள்; பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. மார்ச் மாதத்தில், எது வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்ததிலேயே பிசகு இருந்தது தெரிந்தது. பச்சை, பழுப்பாகிவிட்டது. விளையாட்டு போலத் தோன்றினாலும் இதில் விஷயம் இருக்கிறது. இளமையும் பெரும் சூடும் கொண்ட விண்மீன்கள் நீலமாக ஒளிரும். வயதானவை சிவந்து தெரியும். எனவே சராசரி நிறத்தை வைத்தே, புதிய விண்மீன்கள் பிறப்பது குறைந்துகொண்டு வருவதைச் சொல்லிவிடலாம்.

அண்டவியல் முடிந்தது. ஆமாம், அவ்வளவுதான். ஏனென்றால் நான் இந்த வீடியோ எடுக்க உட்கார்ந்ததே நீலத்துக்காக.

தாவரங்களில் மஞ்சள் வேண்டுமா, மஞ்சள்கிழங்கு இருக்கிறது. சிவப்புக்கு பீட்ரூட். பச்சைக்குக் கேட்கவே வேண்டாம். நீலத்துக்கு? யோசித்துப் பாருங்கள், தட்டில் வைக்கும் நீல உணவு ஒன்றுகூட எளிதில் நினைவுக்கு வராது.

காரணம் இது. ஒரு பொருள் நீலமாகத் தெரிய, அது சிவப்பு ஒளியை விழுங்க வேண்டும். சிவப்பு ஒளியில் ஆற்றல் குறைவு. அவ்வளவு சிறிய உந்துதலுக்கும் எழும்பக்கூடிய எலக்ட்ரான்கள் சாதாரண மூலக்கூறுகளில் கிடையாது. அதற்கு நீண்ட, சிக்கலான அமைப்பு வேண்டும். செடிக்கு அது வீண்செலவு. அதனால் செடிகள் குறுக்குவழியில் போகின்றன. சிவப்பு ரோஜாவிலும் ஐரோப்பிய வயல்களில் பூக்கும் நீலச் சோளப்பூவிலும் (ஆங்கிலத்தில் கார்ன்ஃபிளவர்; நம் சோளப்பயிர் அல்ல) இருப்பது ஒரே நிறமி என்று ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர் கண்டறிந்தார். தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சோளப்பூ அந்த நிறமியை இரும்பு, மக்னீசிய அயனிகளைச் சுற்றி அடுக்கிவைக்கிறது. அடுக்கு மாறினால் நிறம் மாறும்!

(அருகாமைக் காட்சி: கண்ணாடிக் கோப்பை, சங்குப்பூ)

நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவைப் பாருங்கள். நான்கைந்து பூவை வெந்நீரில் போடுகிறேன். இதழின் ஓரத்திலிருந்து நீலம் இழையிழையாகக் கீழே இறங்குகிறது. சற்று நேரத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் கருநீலம் ஆகிவிட்டது. இப்போது எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு. அடடா, ஊதா! விருந்தாளிகளை வாய்பிளக்க வைக்க இது போதும். குளிர்பானக் கம்பெனிக்காரருக்கோ தலைவலி. புளிப்பு பட்டதும் அவருடைய நீலம் ஓடிப்போகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக அனுமதித்தது, ஆனால் இந்தக் குணம் அனுமதி கொடுத்தாலும் மாறாதே.

அதே ஆண்டு இன்னொரு வழி வெளியானது. மிட்டாய் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனமும் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மற்றும் சிலரும் சேர்ந்து, ஊதா முட்டைக்கோஸுக்குள் தேடினார்கள். அங்கே ஆந்தோசயனின் என்ற தாவர நிறமி வகையைச் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு இருக்கிறது. அதில் மூன்று சேர்ந்து ஓர் அலுமினிய அயனியைச் சூழ்ந்துகொண்டால், ஊதாச் சாயலே இல்லாத சுத்தமான நீலம் பிறக்கிறது. சிக்கல், முட்டைக்கோஸின் ஆந்தோசயனின்களில் அது 5 சதவீதம்கூட இல்லை. எனவே மற்றவற்றையும் அதுவாக மாற்றித்தரும் நொதி ஒன்றைக் கணினியின் உதவியோடு உருவாக்கினார்கள். அந்த நீலத்தை ஐஸ்கிரீமிலும் மிட்டாயின் மேல்பூச்சிலும் போட்டுப் பார்த்தார்கள்.

கணினி வடிவமைத்த நொதி, அலுமினியம், ஆய்வகம். இதை ‘இயற்கை நிறம்’ என்று லேபிள் ஒட்டி விற்றால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கோபம் வராது. எட்டிக்காயும் இயற்கைதான், சாப்பிட்டுவிடுவோமா? ஒரு நிறமியை உணவில் போட்டுச் சோதித்தார்களா, எவ்வளவு போடலாம் என்று வரம்பு உண்டா என்பதைத்தான் நான் கேட்பேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, அது துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் இருந்ததால்.

சாயம் என்றதும் மருந்துக்கு வந்துவிடலாம்.

1891, பெர்லின். மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் நுண்ணோக்கியில் ஒன்றைக் கவனித்திருந்தார்: மெத்திலீன் நீலம் என்ற சாயம் மலேரியாக் கிருமியின் மேல் நன்றாக ஒட்டுகிறது. ஒட்டுவது கொல்லவும் கூடும் என்று கணக்குப் போட்டு, 2 மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். குணமானார்கள். பிறகு அதே ஜெர்மனியில் கெர்ஹார்டு டோமாக் என்ற ஆய்வாளர், புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் எலிகளை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டார். ஊசி குத்திய கையில் தொற்று பரவி, கையையே எடுக்கும் நிலைக்குப் போன தன் மகளுக்கும் அதைக் கொடுத்தார், பிழைத்தாள். 1935-இல் முடிவுகள் அச்சாகின, 1939-இல் நோபல்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். 1935-இலேயே பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் புரோன்டோசிலின் சாயத்தை வெளுத்துவிட்டது! உடலுக்குள் போனதும் அந்த மூலக்கூறு இரண்டாகப் பிளக்கிறது. வேலை செய்வது சல்பானிலமைடு என்ற பாதி. அதற்கு நிறமே கிடையாது. அதுவும் 1908-இலேயே தயாரிக்கப்பட்ட பழைய சரக்கு, காப்புரிமை முடிந்துபோனது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். சிவப்பை நம்பிக் காசு எண்ணக் காத்திருந்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

மெத்திலீன் நீலம் அப்படி வெளுக்கவில்லை. 2018-இல் வெளியான மாலி நாட்டு ஆய்வு ஒன்றில், வழக்கமான மலேரியா மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, 2 நாளுக்குள் நோயாளியிடமிருந்து கொசுவுக்குத் தொற்று போவது நின்றுவிட்டது. பக்கவிளைவு, சிறுநீர் நீலமாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அலறிவிடுவார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு கதை உண்டு: 1856-இல் மலேரியாவுக்குக் கொயினா செய்யப்போய், ஊதாச் சாயம் செய்துவிட்ட 18 வயதுப் பையன் வில்லியம் பெர்கின். தனி வீடியோவாகப் போடவா? கருத்துப் பெட்டியில் ‘ஊதா’ என்று மட்டும் எழுதுங்கள், புரிந்துகொள்கிறேன். சங்குப்பூவில் எலுமிச்சை பிழிந்தால் படமும் அனுப்புங்கள்.