பெசன்ட் நகர் பீச் தாண்டி ஒரு மீனவ கிராமம் | ஊரூர் ஆல்காட் குப்பம்

வணக்கம் மக்களே! பெசன்ட் நகர் பீச்சுக்கு வந்தால் ஷ்மிட் நினைவு மண்டபம், சுட்ட சோளம், செல்ஃபி என்று நம்மில் பலர் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து அடையாறு முகத்துவாரம் பக்கம், வடக்கே நடந்தால் இந்த ஊர். சுற்றிலும் நகரம் வந்துவிட்டது, ஆனால் இது இன்றைக்கும் கிராமம்தான்.

காலையில் ஃபைபர் படகுகள் கரையேறியிருக்கின்றன. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், அந்த அண்ணனின் கையைப் பாருங்கள். நண்டின் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொடுக்கு வலையில் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்கிறார். அவசரப்பட்டு இழுத்தால் வலை கிழிந்துவிடும். அப்புறம் மத்தியானம் முழுக்க இதே மணலில் உட்கார்ந்து பின்ன வேண்டியதுதான். பக்கத்திலேயே அக்காக்கள் மீனைக் கூறு போட்டு வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்கள். வந்த காசில் எரிபொருள் செலவு போக, படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மீதி கடலுக்குப் போனவர்களுக்கு.

வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த வலை போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். அப்போது நம் வீட்டுக் குழம்புக்குப் பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னப் படகுகள்தான் கதி.

2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து இங்கே ஒரு விழா தொடங்கினார்கள். எல்லையம்மன் கோயில் பக்கத்தில் கர்நாடக இசைக் கச்சேரி! சபாவுக்கே போகாத எத்தனையோ பேர் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஆனால் இந்த வீடியோ போட முக்கியக் காரணம் இந்த மணல். நமக்குக் காற்று வாங்கும் இடம். இவர்களுக்குப் பட்டறை, சந்தை, ஊர்ப்பொது எல்லாமே இதுதான். கடற்கரையோரம் எதைக் கட்டலாம், எதைக் கூடாது என்று மத்திய அரசு போட்ட 2011ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே, மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. ஆகவே இந்தப் பக்கம் வந்தால் படகு இறங்கும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள். வலை விரித்திருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் வேண்டுமென்றால் காலையிலேயே வந்து, இந்த அக்காக்களிடமே வாங்குங்கள்.