தப்புக்குத் தோல் கட்ட ஒரு பட்டறை வேண்டும்

(திருகோணமலையில் மலையக நாட்டாரிசைக் குழுவின் மாசி மாத நிகழ்ச்சிக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆலய அறங்காவலர்களே, அலுவலக நெருக்கடிக்கு நடுவிலும் வருகை தந்திருக்கும் கலாசார உத்தியோகத்தர்களே, பாடசாலை அதிபர்களே, மீனவர் சங்கப் பெரியோர்களே, தாய்மாரே, கதிரை கிடைக்காமல் வாசலில் நின்று கேட்கும் தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தியவருக்கும், அதற்கு முன்னர் போர்த்தியவருக்கும் நன்றி. ஆடைகளிலேயே நேரம் போய்விட்டது. கருவி, பாட்டு, ஆள் என்று மூன்று விடயம் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். முடிந்தவரை பார்ப்போம்.

கடற்கரை ஊருக்கு மலைப்பாட்டு எதற்கு என்று கேட்பவர் இங்கேயும் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. இந்த மாவட்டத்துக்கும் வந்தன. அவர்களோடு, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தும் வந்தது, பொன்னர் சங்கர் கதையும் வந்தது. தப்பு என்னும் பறை மட்டும் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. ‘பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்’ என்பார்கள். பரணில் கிடக்கும் தப்புக்கு அந்த ரோகம் தோலில்தான் முதலில் பிடிக்கிறது.

கருவிக்கு வருகிறேன். தப்பின் சட்டம் ஒரே மரமல்ல. வளைவாக அறுத்த மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, சந்துகளை இரும்புத் தகட்டால் பிணைப்பார்கள். குறுக்களவு ஏறக்குறைய 14 அங்குலம். கன்றுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் சுரண்டி, கழுவி, ஈரத்தோடு இழுத்து ஒட்டுவார்கள். பசை புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். பசையில் கட்டி இருந்தால் அந்த இடத்தில் தோல் சட்டத்தோடு ஒட்டாது. அடிக்கும்போது அங்கே ‘ஞிர்’ என்று ஒரு அதிர்வு கேட்கும். இழுவை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திச் சுருங்கி விளிம்பு கிளம்பிவிடும்.

அடிப்பதற்கு இரண்டு குச்சிகள். வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய நீள மூங்கில் சிம்பு. சிம்பு தடித்தால் கீச்சுத்தாளம் செத்துவிடும். தப்போடு சேரும் உருமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உராய்ந்து முழங்க வைப்பார்கள். உடுக்கின் இடைக்கயிற்றை அமுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பொன்னர் சங்கர் கதைக்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும்.

இனிக் காய்ச்சல், அதாவது தோலை நெருப்பில் காட்டி விறைக்க வைப்பது. காய்ச்சாத தப்பு தப்பே அல்ல. தோட்டத்தில் தேயிலை மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய காய்ந்த கிளை, எரியும். இங்கே தென்னோலை போதும். தோலை நெருப்புக்கு நேரே நிறுத்திவைக்காமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் நடுவில் சுண்டிக் கேட்க வேண்டும். மாரியில் காய்ச்சிய சூடு விரைவில் இறங்கிவிடும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தோல் தானாகவே விறைத்திருக்கும். பழக்கதோஷத்தில் அப்போதும் அதே அளவு காய்ச்சினால் விளிம்பில் மயிரிழையாக வெடிக்கும். மலையிலிருந்து வந்த கருவி இந்தக் கரையில் கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

விழாக்காரர்கள் நடுவே உலாவும் கதை ஒன்று இருக்கிறது. தப்புக் குழுவொன்று மழை நாளில் ஒரு மண்டபத்துக்கு வந்ததாம். மூத்த கலைஞர் பின்பக்கம் ஓலையைக் குவிக்க, பொறுப்பாளர் ஓடிவந்தார். “என்ன ஐயா, மண்டபத்தைக் கொளுத்தப் போறியளோ?” “தோலு காயணுங்க.” “காயவைக்கத்தானே? அதுக்கேன் நெருப்பு?” என்று இரண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். விசிறி சுற்றச் சுற்ற ஈரக்காற்றில் தோல் இன்னும் தொய்ந்தது. சரி என்று ஸ்திரிக்கைப் பெட்டி வந்தது. மூத்தவர் கும்பிட்டார்: “ஐயா, இது வேட்டி இல்லீங்க.” அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையேறி முதல் அடி, ‘தொப்’. இரண்டாவது, ‘தொப்’. சபையில் ஒரு அப்பு எழும்பி, “தம்பியவை, நமத்த அப்பளத்துக்கே தட்டுறியள்?” என்றார். கலைஞர்கள் இறங்கிவிட்டார்கள். குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாதான், “இஞ்ச வாங்கோ பிள்ளையள், அடுப்புத் தணல் கிடக்கு” என்று கூப்பிட்டாவாம். அடுத்த நடனம் முடிவதற்குள் மறுபடி ஏறினார்கள். அந்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அப்பு பிறகு உட்காரவே இல்லை! பாடப் பாட ராகம் என்றால் பாட விடவும் வேண்டுமே ஐயா.

பாட்டைப் பற்றி ஒரு சொல். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமனை ஊன்றுவார்கள்; பௌர்ணமியில் அந்தக் காமனாகிய மதன் எரிவான். அந்த இடைநாட்களின் பாட்டெல்லாம் தப்பின் அடியைப் பிடித்தே நடக்கின்றன. இவற்றைத் தேடித் தொகுத்தவர்களில் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை முன்னோடி. ஆனால் ஏட்டிலே சொல் இருக்கிறது, அடி இல்லை. கோயிலுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, இழவுக்கு ஓர் அடி. விடியலில் ஆளைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைத்ததும் தப்புத்தான். இழவு அடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கருவியையே ஒதுக்கியது நம்முடைய சாதிப் புத்தி. இதை மேடை நாகரிகத்துக்காக மென்று விழுங்க மாட்டேன்.

ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இங்கே என்றும் பிரித்தது. அடிப்பவர் தலைமன்னாரில் கப்பலேற, பாடுபவர் தோட்டத்து லய வீட்டில் நின்றால் குழு எங்கே இருக்கும்? இது தனியே பேச வேண்டிய விடயம். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

ஆகவே கோரிக்கைக்கே வருகிறேன். இந்தக் குழுவை வாசலில் நிறுத்தி, விருந்தினருக்கு முன்னே அடிக்கச் சொல்லி மேடை வரை கூட்டிவந்துவிட்டு, சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்புவது போதும். எங்களுக்கு வேண்டியது திருகோணமலையில் தோல் கட்டும் பட்டறை. நான்கு கம்பும் கூரையுமாக நிழல், சுண்ணாம்புக்கு ஒரு தொட்டி, கழுவ ஒரு தொட்டி, சட்டம் அறுக்கத் தச்சுமேசை, பசை காய்ச்ச ஓர் அடுப்பு. கட்டத் தெரிந்த மூத்தவர் ஒருவருக்கு மாதப்படி. கற்க இரண்டு பிள்ளைகள். பைபர் தோல் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். காய்ச்சத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் தோல் தப்பின் கார்வை அதில் வராது. மூட மூட ரோகம் என்பதற்குப் பிளாஸ்டிக் மருந்தல்ல.

அதிபர்மாரே, உங்கள் பாடசாலை வளவில் ஒரு மூலை கொடுத்தாலும் தொடங்கலாம். விரும்புபவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் செயலாளரிடம் சொல்லுங்கள். இம்முறை மண்டபத்தார் மேடைக்குப் பின்னால் நெருப்புக்கு இடம் தந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. தப்புகள் காய்ந்துவிட்டன என்று சைகை வருகிறது. நான் இழுத்தால் தோல் தொய்ந்துவிடும், இறங்குகிறேன்.