80 கி.மீ. வேகம் சர்வருக்குப் போவதற்குள் 255.99 ஆவது ஏன்?

[திரை: ஒரு கார், ஒரு லாரி. இரண்டிலும் முள் 80-இல்]

இரண்டு வண்டியும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகின்றன. ஆனால் உள்ளே, வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் கம்பியில், அந்த 80 ஒரே மாதிரி ஓடுவதில்லை.

காரின் ஓபிடி (பழுது கண்டறியும்) சாக்கெட்டில் வேகத்தைக் கேட்டால் ஒரே ஒரு பைட் பதிலாக வரும்: ஹெக்ஸில் (16-அடிமான எண்ணில்) 50. அதாவது 80. கணக்கே வேண்டாம். லாரி பேசுவது ஜே1939 என்ற கனரக வாகன நெறிமுறை. அது கேட்காமலே, 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, பிஜிஎன் (செய்தி வகை எண்) 65265-இன் 2, 3-ஆம் பைட்டுகளில் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே எண்ணில் ஒன்று என்பது மணிக்கு 1/256 கி.மீ. ஆக 80-க்கு 20480. கம்பியில் சிறிய (கீழ்மதிப்பு) பைட் முந்தி வரும்: 00, 50.

[திரை: இரண்டு பைட்டும் இடம் மாறுகின்றன]

வரிசையை மாற்றிப் படித்தால் 20480 வெறும் 80 ஆகிறது. 256-ஆல் வகுத்தால் 0.31 கி.மீ. பறக்கிற லாரி நிற்பதாக மேப் காட்டும். ஆனால் ஓபிடியில், இரண்டு பைட்டாக வரும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி வேகம்) பெரிய பைட் முந்தி வருகிறது. காருக்கு எழுதிய கோடை அப்படியே லாரிக்கு ஒட்டினால் மாட்டுவது இங்கேதான்.

இன்னொரு கோளாறு, பார்க்கவே வேடிக்கையானது. சென்சார் மதிப்பு கிடைக்காதபோது ஜே1939 இரண்டு பைட்டையும் எஃப்எஃப் என நிரப்பி அனுப்பும். 'தகவல் இல்லை' என்று பொருள். அந்த 65535-ஐயும் 256-ஆல் வகுத்தால் 255.99! நிறுத்திவைத்த லாரிக்கு அதிவேக எச்சரிக்கை போகும். செல்லுபடியாகும் உச்சம் 250.996 தான், அதற்கு மேல் வந்தால் காலி மதிப்பாக வையுங்கள். பூஜ்ஜியமாக வைக்காதீர்கள். பூஜ்ஜியம் என்றால் வண்டி நிற்கிறது. காலி என்றால் தெரியவில்லை.

[திரை: மரம் போல் கிளைவிடும் பெயர்கள்]

இந்தக் கணக்கை ஒவ்வொரு கம்பெனியும் தன் சர்வரில் தனித்தனியாக எழுதுவதால்தான், வண்டியில் பொருத்தும் கண்காணிப்புக் கருவியை மாற்றினால் மென்பொருளையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த எண் மாற்றத்தை வண்டிக்குள்ளேயே முடித்துவிட்டு, வெளியே எல்லோருக்கும் தெரிந்த பெயரில் கொடுப்பதுதான் வழி. கோவெசா என்ற வாகனத் துறைக் கூட்டமைப்பின் விஎஸ்எஸ் அதற்கான அகராதி. 'வெஹிக்கிள்.ஸ்பீடு' என்றால் சென்சார் மதிப்பு, தசம எண், அலகு கி.மீ./மணி. அது வெறும் அகராதிதான், எதையும் சுமக்காது. கேட்பது, அமைப்பது, மாறும்போது சொல்லச் சொல்வது எல்லாம் விஐஎஸ்எஸ் நெறிமுறையின் வேலை.

நேரத்தை மறக்காதீர்கள். சுரங்கப்பாதையில் சிக்னல் போனால் கருவி மதிப்புகளைச் சேமித்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். வந்துசேர்ந்த நேரத்தை சர்வர் பதிந்தால் பத்து நிமிடப் பயணம் ஒரு நொடியில் சுருங்கிவிடும். அளந்த நேரம், யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்), ஒவ்வொரு மதிப்போடும் போக வேண்டும்.

உங்கள் கம்பெனிக்கு மட்டும் வேண்டிய சிக்னல் இருந்தால் விஎஸ்எஸ்ஸின் மூலப் பெயர் மரத்தைத் தொடாமல் மேலடுக்காகச் சேருங்கள். பெயர் மாற்றினால் பழையதை உடனே அழிக்காமல், நீக்கப்படவிருக்கிறது என்று குறித்துவையுங்கள்; சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அப்டேட் ஒரே நாளில் போய்ச் சேராது.

[திரை: ஒரே பதிவு, இரண்டு கருவிகள்]

விஎஸ்எஸ்ஸுக்குப் பொருந்துகிறது என்று கருவித் தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்தால் நம்பாதீர்கள். பதிவு செய்த ஒரே கேன் லாகை இரண்டு தயாரிப்பாளர்களின் கருவிக்கும் ஓட்டுங்கள். நடுவில் எஃப்எஃப் நிரம்பிய ஃபிரேம் (கேன் செய்தி) ஒன்றைச் செருகுங்கள். இரண்டும் 80, 80, காலி, 80 என்று ஒரே நேரக்குறியோடு சொல்ல வேண்டும்.