ஊர் கைவிட்டதை யார் கையில் எடுப்பது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். நாட்டுப்புறக் கலைகளையும் கைத்தொழில்களையும் காப்பது வாழும் அருங்காட்சியகமா, அவை பிறந்த ஊரா என்பது இன்றைய கேள்வி. நான் அருங்காட்சியகத்தின் பக்கம். எதிரணித் தலைவர், "வேரோடு பிடுங்கி வேலிக்குள் நட்டால் அது வெறும் காட்சிப்பொருள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். சரி, பிடுங்கியது யார் என்று பார்ப்போம்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996 டிசம்பரில் திறந்த தட்சிணசித்ரா என்ற வாழும் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று தென்னகத்து வீடுகள் பதினெட்டு அங்கே நிற்கின்றன. அவற்றில் பல, சொந்தக்காரர்களே இடிக்க முடிவு செய்த வீடுகள். அவற்றை வாங்கி, மரம் மரமாகப் பிரித்து, ஏற்றி வந்து, பழைய முறை தெரிந்த தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்தே திரும்ப எழுப்பினார்கள். அப்படி யாரும் வாங்காத வீடுகளின் தேக்குத் தூண்களையும் கதவு நிலைகளையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலை பேசலாம். வீட்டை ஊர்தான் விற்றது, நடுவர் அவர்களே.

கைத்தொழில் கதையும் இதுதான். பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையைக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, நூலிழை போலக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்ய வேண்டும், அதிலும் பட்டுப் போல மடியும் உயர்ரகப் பாய் ஒன்றை முடிக்க நாள்கணக்கில் உட்கார வேண்டும். கடையில் பிளாஸ்டிக் பாய்க்குப் பக்கத்தில் அதை வைத்து விலையை மட்டும் சொன்னால் யார் வாங்குவார்? அந்த வேலையைக் கண்ணெதிரே பார்த்தவர்தான் பேரம் பேசாமல் காசு கொடுப்பார். வாழும் அருங்காட்சியகம் செய்வது அதைத்தான், செய்கிற கையையும் செய்த பொருளையும் ஒரே இடத்தில் வைக்கிறது.

அப்புறம், எதிரணியில் யாரும் தொடாத ஒரு விஷயம். ஊர் ஊர் என்கிறீர்களே, அந்த ஊர் பறையடித்தவரை எங்கே நிறுத்தியது? சாவு வீட்டுக்கு வா என்று ஆள் அனுப்பியது, வராமலிருக்க அவருக்கு உரிமை இல்லை, கூலி என்று கொடுத்ததையும் தள்ளி நின்று வாங்க வைத்தது. அந்த வீட்டுப் பிள்ளை இனி பறையைத் தொடமாட்டேன் என்று நகரத்துக்கு வேலைக்குப் போனால் எந்த முகத்தோடு போகாதே என்பீர்கள்? அதே பறையை அருங்காட்சியகத்து முற்றத்திலோ நகரத்து மேடையிலோ, பேர் சொல்லி அழைத்து, முன்கூட்டியே பேசிய தொகைக்கு வாசிக்கும்போதுதான் அது அவருடைய கலையாகிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இடம் மாறினால் கலை செத்துவிடும் என்றும் சொன்னார்கள். கேரளத்தில் கூடியாட்டம் என்ற சமஸ்கிருத நாடகக் கலை நூற்றாண்டுகளாகக் கோயிலின் நாடக அரங்கான கூத்தம்பலத்துக்குள், அதை ஆடும் உரிமை பெற்ற சாக்கியார், நம்பியார் குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. 1949-ல் பைங்குளம் ராம சாக்கியார் அந்தக் குடும்பங்களின் கூத்தைக் கோயிலுக்கு வெளியே ஆடினார், சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பையும் தாங்கினார். 1965-ல் கேரளக் கலைப்பள்ளியான கலாமண்டலத்தில் கூடியாட்ட வகுப்பு தொடங்கியது, குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளும் கற்றார்கள். 2001-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது. கூடியாட்டம் நாட்டுப்புறக் கலை இல்லை, கலாமண்டலம் அருங்காட்சியகமும் இல்லை, தெரியும். ஆனால் கோயில் வாசலைத் தாண்டியதால் அது அழியவில்லையே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விடிய விடிய ஆடும் தெருக்கூத்தை சுற்றுலா வந்தவர்களுக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கும்போது எனக்கும் வலிக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து ஆடும்போது திரௌபதி அம்மனும் ஊர்சனமும் சேர்ந்து உண்டாக்குகிற உணர்வை முட்டுக்காட்டில் கொண்டுவர முடியாது. அது நடக்கும் ஊர்களில் நன்றாக நடக்கட்டும். ஆனால் கூத்து நின்றுபோன ஊர்களைப் பற்றித்தானே இந்த வழக்கே? திருவிழாக் காசை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்துவிட்ட ஊரில், அடவும் பாட்டும் தெரிந்த கடைசிக் கூத்தாடிக்கு அடுத்த வாரம் எங்கே ஆட்டம்?

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் ஊர் வேளார் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் பானையைத் தவிர வேறென்ன வாங்கினீர்கள்? நடுவர் அவர்களே, அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.